தொட்டால் ஒடியும் எலும்பு... தொடாவிட்டால் தீராத வலி!

போன வருஷம் ஆடி மாதம். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா தன் ஒன்பது வயது மகளை என் வைத்தியசாலைக்குக் கொண்டு வந்தார். 'கூட்டி வந்தார்' என்று நான் எழுதவில்லை. கொண்டுதான் வந்தார். ஆட்டோவின் பின் சீட்டில் ஒரு பலகை, அதன் மேல் மெத்தை, மெத்தை மேல் பிள்ளை. அப்பாவும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பலகையோடு இறக்கினார்கள்.

"அய்யா, இதுவரைக்கும் பதினோரு தடவை ஒடிஞ்சிருச்சு. பெரியாஸ்பத்திரியில பார்த்துட்டுப் பிறவியிலேயே எலும்பு அப்படித்தான்னு சொல்லிட்டாங்க. ட்ரிப் ஏத்துறோம். முன்னைக்கு இப்பப் பரவாயில்லை. ஆனா ராத்திரியானா முதுகு வலிக்குது, கால் வலிக்குதுன்னு அழுகுறா. எண்ணெய் தேய்ச்சு விடும்மாங்குறா. எனக்குத் தொடவே பயமா இருக்குய்யா. நல்லாத் தொட்டு ரெண்டு மாசமாச்சு..."

அந்த அம்மாவுக்கு அதற்கு மேல் பேச வரவில்லை. மாமியார் வீட்டில், 'இவ ஒழுங்காத் தூக்கலை, அதான் பிள்ளைக்கு ஒடிஞ்சு போகுது' என்று ஒரு பேச்சு. அந்தப் பேச்சும் சேர்ந்து கையைக் கட்டிப் போட்டிருந்தது.

பிள்ளை என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "தாத்தா, நீங்க பிடிச்சு விட்டா ஒடியுமா?"

நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையே அதற்கான பதில்தான்.

கம்பி இல்லாத கான்கிரீட்

இந்த நோய்க்கு ஆங்கில வைத்தியத்தில் 'ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா' என்று பெயர். நாம் 'நொறுங்கெலும்பு நோய்' என்று சொல்லிக்கொள்வோம். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்றுக்கு இது வருகிறது. 1788-ஆம் ஆண்டிலேயே ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த ஏக்மன் என்ற ராணுவ மருத்துவர், ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எலும்பு ஒடிவதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

எலும்பு என்றால் சுண்ணாம்புச் சத்து மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வீட்டுக்குக் கான்கிரீட் போடும்போது உள்ளே கம்பி கட்டுகிறோம் இல்லையா? எலும்புக்குள் அந்தக் கம்பி வேலையைச் செய்வது கொலாஜன் என்னும் புரத நார். கால்சியம் என்பது மேலே கொட்டும் கலவை. இந்தப் பிள்ளைகளுக்குக் கம்பியில் கோளாறு. ஒன்று, கம்பி போதிய அளவு இருக்காது. அல்லது இருக்கிற கம்பி முறுக்கு மாறி இருக்கும். பெரும்பாலானவர்களுக்குக் கொலாஜனை உண்டாக்கும் இரண்டு மரபணுக்களில் ஏதாவது ஒன்றில் ஏற்படும் மாற்றம்தான் காரணம். அதனால்தான் கால்சியம் மாத்திரையை மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் இந்த நோய் சரியாவதில்லை.

அம்மாமார்களே, நன்றாகக் கவனியுங்கள். இது நீங்கள் தூக்கிய விதத்தால் வந்த நோய் அல்ல. நீங்கள் கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ வந்ததும் அல்ல. தாய் தகப்பன் இருவருக்கும் எந்தக் கோளாறும் இல்லாமலே, கருவில் புதிதாக இந்த மாற்றம் ஏற்படுவது உண்டு. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. சில வகைகள் மட்டும், வெளியே தெரியாமல் இரண்டு பேரிடமும் ஒளிந்திருந்து பிள்ளையிடம் வெளிப்படும். சொந்தத்தில் கல்யாணம் செய்தால் இந்த வகைக்கு வாய்ப்பு கூடும். தமிழ்நாட்டில் கால் பங்குக்கு மேற்பட்ட கல்யாணங்கள் இன்னும் சொந்தத்துக்குள்தான் நடக்கின்றன என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. வீட்டில் ஒரு பிள்ளைக்கு இருந்தால், அடுத்த பிள்ளைக்கு முன் மரபணு ஆலோசனை கேட்டுக்கொள்வது நல்லது.

அடையாளம் என்ன? சின்னத் தடுக்கலுக்கே எலும்பு ஒடிவது முதல் அடையாளம். பலருக்குக் கண்ணின் வெள்ளைப்பகுதி நீலம் பாய்ந்திருக்கும். பச்சிளம் குழந்தைகளுக்கு இயல்பாகவே லேசான நீலம் இருப்பதுண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். சிலருக்குப் பல் பழுப்பாகிச் சீக்கிரம் தேயும். மூட்டுகள் தளர்ந்து அதிகம் வளையும். வயது வந்தபின் காது மந்தமாகலாம். லேசான வகை உள்ளவர்கள் நம்மைப் போலவே நடமாடுவார்கள். கடுமையான வகை உள்ளவர்களுக்கு இருமினால்கூட விலா எலும்பு ஒடியலாம்.

நான் செய்த தப்பு

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து வந்த புதிது. இளங்கன்று பயமறியாது என்பார்களே, அந்த வயது. முதுகுவலி என்று ஒரு பையனை அழைத்து வந்தார்கள். பதின்மூன்று வயதிருக்கும். கொஞ்சம் குள்ளம், முதுகில் லேசான கூன். 'சேட்டை பண்ணி எங்கேயோ விழுந்திருப்பான்' என்று நினைத்துக்கொண்டு, கற்ற வித்தையைக் காட்டி முதுகை அழுத்திவிட்டேன்.

பையன் கத்தவில்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். எக்ஸ்-ரேயில் விலா எலும்பு ஒடிந்திருந்தது. அதன் பிறகுதான் பழைய கதையைக் கேட்டேன். ஏற்கனவே நாலு தடவை ஒடிந்தவன். கண்ணைப் பார்த்தேன். நீலம்! தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியதைத் தொட்ட பிறகு கேட்டேன். அந்தத் தப்பு முழுக்க என்னுடையதுதான்.

அன்றிலிருந்து எந்தப் பிள்ளை வந்தாலும் முதலில் கண், பிறகு பல், பிறகு 'இதுவரைக்கும் எங்கேயாவது ஒடிஞ்சிருக்கா?' என்ற கேள்வி. அதற்கு அப்புறம்தான் என் கை நீளும்.

ஒடியாதபோதும் ஏன் வலிக்கிறது?

ஒடிந்த எலும்பு கூடிய பிறகும் இவர்களுக்கு வலி ஓய்வதில்லை. அதற்குக் காரணம் பல. முதுகெலும்பின் கட்டைகள் வெளியே தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கும். வளைந்த எலும்பின் மேல் தசை கோணலாக இழுபடும். தளர்ந்த மூட்டைத் தாங்கிப் பிடித்துப் பிடித்துச் சதை களைத்துப்போகும். இவற்றோடு பயமும் சேர்ந்துகொள்கிறது. 'எப்போ ஒடியுமோ' என்று பிள்ளை உடம்பை இறுக்கியே வைத்திருக்கும். இறுக்கினால் வலி, வலித்தால் பயம், பயந்தால் மறுபடியும் இறுக்கம். செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வரும்.

இந்த வட்டத்தை எங்கேயாவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும். அங்கேதான் மென்மையான தொடுதல் வேலைக்கு வருகிறது.

வாசல்படியில் கால் இடித்துக்கொண்டால் உடனே என்ன செய்கிறோம்? 'ஸ்ஸ்' என்று அந்த இடத்தைத் தடவுகிறோம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்கான விளக்கத்தை 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கொடுத்தார்கள். வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில், தண்டுவடத்தில் ஒரு வாசல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தொடுதலின் செய்தி அதே வாசலுக்கு வந்து சேரும்போது, வலிக்கான கதவு பாதி சாத்தப்படுகிறது. 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, சூட்டையும் தொடுதலையும் நம் நரம்புகள் எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்த ஜூலியஸ், பட்டபூஷியன் ஆகிய இருவருக்குக் கிடைத்தது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நம் தோலில் மெதுவான வருடலுக்கென்றே தனி நரம்பு நார்கள் உண்டு. விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் கணக்கில், வெதுவெதுப்பான கையால் வருடினால் அவை மிக நன்றாக விழித்துக்கொள்கின்றன. அழுத்தமே தேவையில்லை!

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தடவுவதால் எலும்பு பலப்படாது. மரபணு மாறாது. ஒடிவதும் நிற்காது. வலி குறையும், தூக்கம் வரும், பயம் தெளியும். அவ்வளவுதான். ஆனால் தினமும் வலியோடு வாழும் பிள்ளைக்கு அது சின்ன விஷயமா, சொல்லுங்கள்?

ஒன்பதும் ஒவ்வொன்றாய்

சித்த மருத்துவத்தின் 32 வகைப் புற மருத்துவங்களில் தொக்கணமும் ஒன்று. அதில் ஒன்பது வகை. உடற்கட்டுகள் ஏழில் 'என்பு' ஐந்தாவது. அந்த ஐந்தாவது கட்டே ஆட்டம் கண்டிருக்கிற பிள்ளைக்கு இந்த ஒன்பதில் எது ஆகும், எது ஆகாது? வரிசையாகப் பார்ப்போம்.

தட்டல்: கூடாது. அதிர்ச்சி நேரே எலும்புக்குப் போகும்.

இறுக்கல்: கூடாது. விலாவும் முன்கையும் தாங்காது.

பிடித்தல்: பிசைந்து பிடிக்கக் கூடாது. உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொள்ளலாம்.

முறுக்கல்: கூடவே கூடாது. முறுக்கினால் எலும்பு திருகுபோல ஒடியும்.

கைகட்டல்: கூடாது. தோளும் விலாவும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்ளும்.

அழுத்தல்: கூடாது. நான் செய்த தப்பு இதுதான்.

இழுத்தல்: கூடாது. சொடக்கு எடுப்பதும் இதில் சேர்த்தி. தளர்ந்த மூட்டு நழுவிவிடும்.

மல்லாத்துதல்: நாம் புரட்டக் கூடாது. பிள்ளை தானாக மல்லாந்து படுத்தால் அப்படியே செய்யலாம்.

அசைத்தல்: நாம் அசைக்கக் கூடாது. பிள்ளை தானாக, வலிக்காத அளவுக்கு அசைத்துக்கொள்ளலாம்.

ஆக, ஆறு அடியோடு கிடையாது. மூன்று மட்டும், வேகத்தை எல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரலாம். வர்மப் புள்ளிகளைத் தட்டுவது, அழுத்துவது எதுவும் இவர்களுக்கு வேண்டாம். 'எனக்கு முப்பது வருஷ அனுபவம்' என்று யார் சொன்னாலும் சரி, நானே சொன்னாலும் சரி, வேண்டாம்!

வீட்டில் செய்யும் முறை

முதலில் உங்கள் எலும்பு மருத்துவரிடம், 'எந்த இடத்தில் தொடலாம், எந்த இடத்தில் தொடக் கூடாது' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒடிந்து கூடிக்கொண்டிருக்கும் இடத்தில் அவர் சரி என்று சொல்லும் வரை கை வைக்கக் கூடாது. அதன் பிறகு கீழ்க்கண்டபடி செய்யலாம்.

1. நேரம்: ராத்திரி தூங்குவதற்கு முன். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். மொத்தம் 10 முதல் 15 நிமிஷம் போதும்.

2. இடம்: கட்டில் வேண்டாம். தரையில் பஞ்சு மெத்தை. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

3. கேள்வி: "இன்னைக்கு எங்கே தொடலாம்? எங்கே வேண்டாம்?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். வலி எவ்வளவு என்று சைபர் முதல் பத்துக்குள் ஒரு நம்பர் சொல்லச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். பிள்ளை 'போதும்' என்றால் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். கெஞ்சுவது, 'இன்னும் கொஞ்சந்தாண்டா' என்பதெல்லாம் கிடையாது.

4. பார்வை: புது வீக்கம், புது வளைவு, ஓரிடத்தில் மட்டும் சூடு, நேற்று வரை அசைத்த கையை இன்று அசைக்காமல் இருப்பது... இதில் ஒன்று இருந்தாலும் எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

5. தாங்கல்: துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியிலும், முழங்கைக்கு அடியிலும் வையுங்கள். உடம்பில் எந்த இடமும் அந்தரத்தில் தொங்கக் கூடாது.

6. கை வைத்தல்: வெதுவெதுப்பான உள்ளங்கையைப் பிள்ளையின் தோளில் வையுங்கள். அசைக்காதீர்கள். பிள்ளை மூன்று தடவை மூச்சு விடும் வரை அப்படியே இருக்கட்டும். உங்கள் முழங்கையை உங்கள் தொடையில் ஊன்றிக்கொண்டால் கையின் பாரம் பிள்ளை மேல் இறங்காது.

7. வருடல்: தோளிலிருந்து விரல் வரை, தொடையிலிருந்து பாதம் வரை, எலும்பு ஓடும் போக்கிலேயே வருடுங்கள். குறுக்கே வேண்டாம். முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு வர மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று ஐந்து எண்ணுங்கள். அதுதான் வேகம். ஓரிடத்துக்கு ஐந்தாறு தடவை போதும். ஆபரேஷன் தழும்பின் மேலும், உள்ளே வைத்த கம்பியின் முனை தட்டுப்படும் இடத்திலும் தொடாதீர்கள்.

8. முதுகு: பிள்ளை தானாக ஒருக்களித்துப் படுத்தால் மட்டும். தண்டெலும்பின் மேல் கை போகக் கூடாது. அதன் பக்கவாட்டில், மேலிருந்து கீழாக வருடுங்கள்.

9. கடைசியாக, பிள்ளையே விரல்களை மடக்கி நீட்டட்டும். பாதத்தை மேலும் கீழும் ஐந்து தடவை ஆட்டட்டும். மறுபடி நம்பர் கேட்டு எழுதுங்கள்.

10. துடைத்தல்: மெல்லிய துணியால் எண்ணெயை ஒற்றி எடுங்கள். உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தரையில் சொட்டிய எண்ணெயையும் துடையுங்கள். எண்ணெய்க் கையோடு பிள்ளையைத் தூக்கவே கூடாது. வருடலில் ஒடிவதைவிட வழுக்கலில் ஒடிவதுதான் அதிகம் பயப்பட வேண்டியது.

'மெதுவா என்றால் எவ்வளவு மெதுவா?' என்று கேட்பீர்கள். நம் மதுரை மல்லிகை மொட்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்து அதன் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். மொட்டு நசுங்கக் கூடாது. இன்னொரு சோதனையும் உண்டு. தடவும்போது உங்கள் நகத்தைக் கவனியுங்கள். நகம் வெளுத்தால் நீங்கள் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். நகம் சிவப்பாகவே இருக்க வேண்டும்.

எந்த எண்ணெய்?

வீட்டில் இருக்கும் நல்லெண்ணெய் போதும். தேங்காய் எண்ணெயும் ஆகும். இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தில் ஐந்து நிமிஷம் நிற்க வையுங்கள். அடுப்பில் நேரே காய்ச்ச வேண்டாம். உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சுடக் கூடாது. எண்ணெய் என்பது கை வழுக்கிப் போவதற்குத்தான். தோல் இழுபடாமல் இருக்கும்.

கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் பத்து வகைத் தைலம் எடுத்து வைப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. பெரியவர்களின் மூட்டுவலிக்கு அவை பயன்படும். ஆனால் எட்டிக்கொட்டை சேர்ந்த விடமுட்டித் தைலம், கற்பூரம் அதிகம் சேர்ந்த தைலம் இவை சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். வாயில் பட்டால் வலிப்பு வரக்கூடிய சரக்குகள் அவை. எரிச்சல் தரும் களிம்புகளும் வேண்டாம்.

ஒற்றடம் கொடுக்கலாமா? இந்தப் பிள்ளைகளில் பலருக்கு இயல்பாகவே அதிகம் வியர்க்கும், சூடு தாங்காது. அதுவும் நம் மதுரைச் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். வறுத்த உப்பு மூட்டை வேண்டாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஐந்து நிமிஷம் போட்டு எடுத்தால் போதும். அதுவும் ஊன்றாமல், மேலே போடுவது மட்டும்.

'பிரண்டைத் துவையல் கொடுக்கிறேன், ட்ரிப்பை நிறுத்திடலாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. பிரண்டை நல்ல உணவு, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ட்ரிப்பை நிறுத்தாதீர்கள்! சில மாதங்களுக்கு ஒருமுறை ஏற்றும் பாமிட்ரோனேட், ஜோலெட்ரோனிக் ஆசிட் போன்ற மருந்துகள் எலும்பு கரைவதைக் குறைத்து அடர்த்தியைக் கூட்டுகின்றன. பல பிள்ளைகளுக்கு எலும்பு வலியும் குறைகிறது. கனடாவின் மான்ட்ரியல் நகர மருத்துவர்கள் 1998-இல் இதைப் பற்றி வெளியிட்ட பிறகுதான் உலகெங்கும் இது பரவியது. முதல் தடவை ஏற்றியதும் ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், உடம்புவலி வரலாம். அந்த நாட்களில் தொக்கணம் வேண்டாம்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில்

நம் ஊரில் குழந்தை பிறந்தால் குளிப்பாட்ட ஒரு பாட்டி வருவார். காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, கை காலை உருவி, குறுக்கே மாட்டி, மூக்கைப் பிடித்துவிட்டு... பார்க்கவே அழகாக இருக்கும். ஆனால் நொறுங்கெலும்பு உள்ள குழந்தைக்கு இது ஆபத்து. பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கை தப்பல்ல, அந்த எலும்புக்கு அது ஒத்துக்கொள்ளாது.

அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். விரல்களை அகல விரித்து, ஒரு கை தலைக்கும் தோளுக்கும் அடியில், இன்னொரு கை புட்டத்துக்கு அடியில் கொடுத்துத் தூக்குங்கள். துணி மாற்றும்போது இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து மேலே தூக்கக் கூடாது. புட்டத்துக்கு அடியில் கையை நுழைத்துத் தூக்குங்கள். முன்பக்கம் திறக்கும் சட்டை போடுங்கள். குழந்தையின் கையை இழுக்காமல், சட்டைக் கைக்குள் உங்கள் விரலை விட்டுத் துணியை இழுங்கள். சேலைத் தூளியில் முதுகு வளையும். சமமான மெத்தையே நல்லது. ஊசி போடும் இடத்திலும், ரத்த அழுத்தம் பார்க்கும் இடத்திலும், 'என் பிள்ளைக்கு எலும்பு ஒடியும் நோய்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கை காலை இறுக்கிப் பிடிப்பதும், கையில் பட்டை இறுகுவதும்கூடச் சிலருக்குத் தாங்காது.

ஒடிந்துவிட்டால்?

பதறாதீர்கள். ஒடிந்த இடத்தை நேராக்க முயலாதீர்கள். தடவாதீர்கள். எப்படி இருக்கிறதோ அப்படியே அட்டையோ, சுருட்டிய துண்டோ அணைவாக வைத்து, தளர்வாகக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். முட்டைப் பற்றுப் போட்டு மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவது வேண்டாம். இறுக்கம் கூடினால் ரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்துவிடும். மாவுக்கட்டையும் தேவைக்கு மேல் ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. அசையாத எலும்பு இன்னும் மெலியும்.

மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். வளைந்த எலும்பை நிமிர்த்தி உள்ளே கம்பி வைக்கும் ஆபரேஷன் தேவைப்பட்டால், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் குழந்தைகளுக்கான எலும்பு சிகிச்சைப் பிரிவே தனியாக இருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் இந்த நோயும் இடம்பெற்றிருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எதெல்லாம் கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

பள்ளிக்கூடத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். எலும்பு நொறுங்கும் நோயோடு பிறந்த உம்முல் கேர் என்ற பெண், டில்லியில் குடிசைப் பகுதியில் வளர்ந்து, 2016-ஆம் ஆண்டின் சிவில் சர்வீஸ் தேர்வில் 420-ஆவது ரேங்க் எடுத்தார். பிரெஞ்சு நாட்டு பியானோ மேதை மிஷேல் பெத்ருச்சியானியை (1962-1999) ஆரம்ப காலத்தில் பல சமயம் மேடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். உட்கார வைத்துவிட்டால் அரங்கமே அவர் கையில். எலும்பில்தான் கோளாறு. மூளைக்கு ஒன்றும் குறைவில்லை.

அந்தப் பிள்ளை?

பிள்ளையின் கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. மெத்தையின் பக்கத்தில் அந்த அம்மாவை உட்கார வைத்தேன். "தாயி, நான் தொடப் போறதில்லை. நீங்கதான் தொடப் போறீங்க" என்றேன். முதலில் என் முன்கையில் தடவச் சொன்னேன். நகம் வெளுத்தது. மறுபடியும், மறுபடியும். ஏழாவது தடவை நகம் வெளுக்கவில்லை. அதன் பிறகே பிள்ளையின் தோளில் கை வைக்கச் சொன்னேன். கை நடுங்கியது. "நடுக்கம் நிக்கிற வரைக்கும் சும்மா வச்சிருங்க, போதும்" என்றேன். அன்றைக்கு அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து நோட்டைக் கொண்டு வந்தார்கள். ராத்திரி வலி ஏழு, எட்டு என்று இருந்தது நாலு, ஐந்துக்கு வந்திருந்தது. நடுவில் ஒரு நாள் ஒன்பது. அன்றைக்குத் தடவவில்லை, காலைப் பார்த்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். தொடை எலும்பில் கீறல் விட்டிருந்தது. ஆமாம், பன்னிரண்டாவது முறையும் ஒடிந்தது. ஆனால் இந்தத் தடவை அதை முதலில் கண்டுபிடித்தது அந்த அம்மாவின் கண்தான். தினமும் பார்த்துப் பார்த்துத் தொட்ட பழக்கம். வீட்டில் பழிச்சொல்லும் குறைந்துவிட்டதாம். அப்பத்தாவும் இப்போது மல்லிகை மொட்டை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறாராம்!

இந்த நோய் உங்கள் வீட்டில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் எலும்பு தேய்ந்த வயதான அம்மாவோ, அப்பத்தாவோ இருப்பார்களே? 'முதுகை மிதிச்சு விடுடா' என்று பேரனைக் கூப்பிடும் பெரியவர்கள் இருப்பார்களே? அவர்களுக்கும் இதே கைதான். மிதிக்காதீர்கள், அழுத்தாதீர்கள், சொடக்கு எடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஐந்து எண்ணி, மெதுவாக வருடுங்கள். நகம் மட்டும் வெளுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.